எதைத் தேடுகிறாய்?



அண்மையில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். தேநீர் தந்து உபசரித்த தாய், உள்ளறையைச் சுட்டிக்காட்டித் தம் மனக்குறையைச் சொன்னார். "ஊரே உறங்கிய பிறகும் இவன் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறான், சாமி. கேட்டால் 'லாக் பார்க்கிறேன், அம்மா' என்கிறான். அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. இவன் கண் சிவந்துபோவதுதான் தெரிகிறது."

மகன் வெட்கத்தோடு சிரித்தான். அவன் பொறுப்பில் உள்ள கணிப்பொறி ஒன்றில், வாடிக்கையாளர் கணக்குகளைக் காக்கும் தரவுத்தளம் நள்ளிரவில் தானாக நின்றுவிடுகிறதாம். இரண்டு முறை அவ்வாறு நிகழ்ந்துவிட்டது. மூன்றாம் முறை நிகழுமுன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மேலாளரின் கட்டளை. ஆகவே பதிவுகளை முதல் வரியிலிருந்து படித்துவருகிறான்.

"எத்தனை வரிகள், தம்பி?" என்று கேட்டேன்.

"இலட்சத்திற்கு மேல், ஃபாதர்" என்றான்.

தாயின் கவலை நியாயமானது. மகனின் களைப்பும் உண்மையானது. கணிப்பொறித் துறைக்குப் பிள்ளைகளை அனுப்பியுள்ள இல்லங்கள் இன்று நம்மிடையே பல. ஆதலால் இத்திங்கள் அந்த 'லாக்' என்பதைப் பற்றியே சிந்திப்போம்.

'லாக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மரக்கட்டை என்பதே முதற்பொருள். பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில், முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கப்பலின் பின்புறமிருந்து கடலில் எறிவர். குறித்த நேரத்திற்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு நழுவுகின்றன என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிவர். அவ்வேகத்தை நாள்தோறும் எழுதிவைத்த ஏட்டிற்குக் கட்டையின் பெயரே நிலைத்துவிட்டது. இன்று கணிப்பொறியும் தன் பயணத்தைத் தானே எழுதிக்கொள்கிறது. இன்ன நேரத்தில் இன்னார் உள்ளே வந்தார், இன்ன கோப்பு திறக்கப்பட்டது, இன்ன நிரல் நின்றது என்று ஓயாமல் எழுதுகிறது.

இவ்வெழுத்துக்கு ஓர் ஒழுங்கு தந்தவர் எரிக் ஆல்மன் என்பவர். 1980களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் 'சென்ட்மெயில்' என்ற நிரலோடு 'சிஸ்லாக்' என்ற பதிவு முறையையும் அவர் உருவாக்கினார். பிற நிரல்களும் அதனைக் கைக்கொண்டன. அம்முறையில் ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு படி உண்டு. 0 என்றால் அமைப்பே செயலற்றுப்போன பேரிடர், 3 என்றால் பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 நிரல் எழுதுவோருக்கான நுணுக்க விவரம். எண் குறையக் குறைய இடர் பெரிதாகும்.

அரிசியில் கல் கிடந்தால் நம் இல்லத்தரசியர் ஒவ்வொரு மணியாகவா எடுத்துப் பார்க்கின்றனர்? முதலில் புடைக்கின்றனர், பின்னர் சலிக்கின்றனர், எஞ்சியதையே கண்ணால் பொறுக்குகின்றனர். பதிவுகளைப் படிப்போரும் இவ்வரிசையையே பின்பற்ற வேண்டும். இதற்கு நான்கு சல்லடைகள் உள. காலம், இடம், படி, சொல் என்பன அவை. எப்போது நிகழ்ந்தது? எந்த நிரல் எழுதியது? எவ்வளவு கடுமையானது? எந்தச் சொல் அதில் உண்டு? இந்நான்கையும் கேட்டால் இலட்சம் வரிகள் சில பத்து வரிகளாகச் சுருங்கிவிடும்.

லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில் இன்று 'சிஸ்டம்டி' என்ற அமைப்பின் பதிவேடு உள்ளது. 2011இல் அறிவிக்கப்பட்ட இது, ஒவ்வொரு செய்தியையும் வெறும் எழுத்து வரியாக அன்றி, நேரம், நிரல், படி எனப் பகுத்தே சேமிக்கிறது. அதனைப் படிக்கும் கட்டளை 'ஜர்னல்சிடிஎல்'. அதனோடு 'சின்ஸ்', 'அன்டில்' என்ற சொற்களைச் சேர்த்தால் காலத்திற்கு எல்லை வகுக்கலாம். 'யூனிட்' என்றால் குறிப்பிட்ட சேவை மட்டும். 'பிரையாரிட்டி' என்றால் குறிப்பிட்ட படியும் அதனினும் கடுமையானவையும் மட்டும். 'கிரெப்' என்றால் குறிப்பிட்ட சொல் உள்ள செய்திகள் மட்டும் வரும்.

இந்தக் 'கிரெப்' பழம்பெருமை உடையது. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் உருவாக்கிய அப்பெயர் கொண்ட தனி நிரல், யூனிக்ஸ் அமைப்பில் 1973இல் இடம்பெற்றது. எந்தக் கோப்பிலும் கேட்ட சொல் உள்ள வரிகளை மட்டும் எடுத்துத் தருவது அதன் பணி. விண்டோஸ் வைத்திருப்போருக்கு 'ஈவென்ட் வியூவர்' உண்டு. அதில் வடிகட்டும் கட்டத்தில் 4625 என்ற எண்ணை இட்டால், உள்ளே நுழைய முயன்று தோற்ற முயற்சிகள் மட்டும் வரிசையாக நிற்கும். அவ்வடிகட்டலுக்கு ஒரு பெயரிட்டுச் சேமித்துக்கொண்டால், மறுநாள் மீண்டும் உழைக்க வேண்டியதில்லை. பல கோப்புகளில் சிதறிய வரிகளைக் கால வரிசையில் ஒன்றாகக் கோத்து, பிழைகளை வண்ணமிட்டுக் காட்டும் 'எல்நேவ்' என்ற இலவசக் கருவியும் உண்டு.

கணிப்பொறிகள் நூறு, ஆயிரம் என்று பெருகிய நிறுவனங்களில், எல்லாப் பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்துத் தேடுவர். அதற்குப் பெரிதும் பயன்படும் 'எலாஸ்டிக்சர்ச்' பிறந்த கதை ஓர் இல்லறக் கதையாகும். ஷே பேனன் என்பவரின் மனைவி இலண்டனில் சமையற்கலை பயின்றார். குவிந்துவரும் அவருடைய சமையற் குறிப்புகளைத் தேடித் தர ஒரு கருவி செய்யக் கணவர் முனைந்தார். அம்முயற்சி வளர்ந்து வளர்ந்து, 2010இல் எலாஸ்டிக்சர்ச் ஆக வெளிவந்தது. மனைவியின் அலமாரியை ஒழுங்குபடுத்தத் தொடங்கியவர் உலகின் பண்டகசாலைகளை ஒழுங்குபடுத்தினார் எனலாம்.

அன்று மாலை அந்த இளைஞனோடு அமர்ந்தேன். தரவுத்தளம் நின்ற நேரத்திற்கு முன்னும் பின்னுமாகப் பத்து நிமிடங்களை வரையறுத்தோம். படி 3ம் அதற்குக் கீழுள்ளவையும் என்று கேட்டோம். நாற்பது வரிகளுக்குள் விடை இருந்தது. நினைவகம் தீர்ந்துபோனதால், அமைப்பின் கருநிரலே தரவுத்தளத்தை நிறுத்தியிருந்தது. பிறகு படியின் எல்லையை நீக்கிவிட்டு அதே பத்து நிமிடங்களை முழுமையாகப் படித்தோம். நள்ளிரவில் தொடங்கும் அறிக்கைப் பணி ஒன்று நினைவகத்தை விழுங்கியது புலனாயிற்று. அந்தத் தொடக்கச் செய்தியோ வெறும் தகவல் என்ற 6ஆம் படியில் இருந்தது!

இந்த இரண்டாவது வாசிப்பை நான் வலியுறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் கணிப்பொறிகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒவ்வோர் இரவும் மதிப்பெண் பட்டியல்களை வேறொரு வட்டில் நகலெடுக்க ஏற்பாடு செய்திருந்தேன். காலையில் பதிவேட்டைத் திறந்து, பிழைகளை மட்டும் காட்டு என்று கேட்பேன். பக்கம் வெறுமையாக இருக்கும், மனநிறைவோடு மூடிவிடுவேன். ஒரு நாள் மூல வட்டு பழுதாயிற்று. நகலைத் திறந்தேன். அதில் பல வாரங்களாக எதுவுமே சேரவில்லை. பின்னர் பதிவேட்டை முழுமையாகப் படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது: நகலெடுக்கப்பட்ட கோப்புகள் 0. ஒவ்வோர் இரவும் அது தவறாமல் எழுதப்பட்டிருந்தது. பணி இடையில் நிற்காமல் முடிந்ததால், கணிப்பொறி அதனைப் பிழையாகக் கருதவில்லை, தகவலாகவே எழுதிவைத்தது. இரண்டு ஆசிரியைகள் காகிதப் பதிவேடுகளைப் பார்த்து இரண்டு வாரம் மறுபடியும் தட்டச்சு செய்தனர். அவர்கள் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

கணிப்பொறி மறைத்தது எதுவுமில்லை. நான் வைத்த சல்லடைதான் மறைத்தது. சலிப்பவர் சல்லடையில் தங்கியதையும் பார்க்க வேண்டும். கீழே விழுந்ததையும் ஒருமுறை கிளறிப் பார்க்க வேண்டும்.

சிறியது என்று ஒதுக்காமல் பார்த்த ஒருவரின் வரலாறு இத்துறையில் புகழ்பெற்றது. அதுவும் பெர்க்லி நகரிலேயே நிகழ்ந்தது. அங்குள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலறிஞர் கணிப்பொறிப் பணிக்கு மாற்றப்பட்டிருந்தார். 1986 ஆகஸ்டில், பயன்பாட்டுக் கட்டணக் கணக்கில் 75 சென்ட் இடிப்பதை ஆராயுமாறு அவரிடம் சொல்லப்பட்டது. ஒரு டாலரும் நிறையாத தொகை! ஆயினும் அவர் தேடினார். கட்டணம் செலுத்த முகவரி இல்லாத ஒரு பயனர் பெயர் தென்பட்டது. அதைத் தொடர்ந்தபோது, அந்நியன் ஒருவன் உள்ளே புகுந்து, அங்கிருந்தே அமெரிக்கப் படைத்துறைக் கணிப்பொறிகளைத் துழாவுவது வெளிப்பட்டது.

ஸ்டோல் செய்த இரண்டு காரியங்கள் நினைவில் கொள்ளத்தக்கன. வெளியிலிருந்து வரும் தொடர்புக் கம்பிகளில் அச்சுப்பொறிகளை இணைத்து, வந்தவன் தட்டியதையெல்லாம் தாளில் பதியச் செய்தார். உள்ளே புகுந்தவன் கணிப்பொறியில் உள்ள பதிவை அழிக்கலாம். வேறிடத்தில் உள்ள தாளை அழிக்க முடியாது அன்றோ? அடுத்து, எல்லாவற்றையும் எந்நேரமும் பார்த்துக்கொண்டிராமல், ஐயத்திற்குரிய கணக்குப் பெயர்கள் உள்ளே நுழையும்போது மட்டும் தம் இடுப்பிலிருந்த பேஜர் ஒலிக்குமாறு அமைத்தார். தேடுவது இன்னதென்று தெளிந்த பின்னரே அவர் சல்லடை வைத்தார். மாதக்கணக்கில் நீண்ட அத்தேடல் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் முடிந்தது. திருடிய செய்திகள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டன என்பது தெரியவந்தது. குற்றவாளிகள் 1990இல் தண்டிக்கப்பட்டனர். ஒரு டாலருக்குக் கீழ்ப்பட்டவற்றைக் காட்டாதே என்று அன்று யாரேனும் சல்லடை வைத்திருந்தால், இவ்வளவும் இருளிலேயே கிடந்திருக்கும்.

ஆகவே இத்துறையிலுள்ள நம் பிள்ளைகள் சில வழக்கங்களைக் கைக்கொள்வது நலம். முதலில் காலத்தால் சுருக்குக, படியால் அன்று. கிடைத்த வரியோடு நின்றுவிடாமல், அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றைப் படிக்க. எந்தச் செய்தி வந்தது என்று மட்டுமின்றி, வரவேண்டிய எந்தச் செய்தி வரவில்லை என்றும் கேட்க. கணிப்பொறிகளின் கடிகாரங்கள் ஒத்துள்ளனவா என்று நோக்குக. இல்லையேல் காரணம் விளைவுக்குப் பின் வந்ததாகத் தோன்றும். பதிவின் ஒரு படியை வேறிடத்தில் காக்க.

மற்றொன்றும் உண்டு. பதிவேட்டில் பிறர் வாழ்வின் சுவடுகள் உள்ளன. 2018 மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனம், பயனர்களின் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் தன் உள்ளகப் பதிவு ஒன்றில் எழுதப்பட்டுவிட்டதைக் கண்டு, அவற்றை மாற்றிக்கொள்ளுமாறு பயனர் அனைவரையும் கேட்டுக்கொண்டது. தேடுவது எளிதாக ஆக, தேவைக்கு மேல் தேடாத நாகரிகமும் வளர வேண்டும். பிறருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிப்பதை நாம் இல்லங்களில் அனுமதிப்பதில்லையே!

விடைபெறும்போது அந்தத் தாய், "இனி இவன் நேரத்தோடு உறங்குவானா, சாமி?" என்று கேட்டார். ஒரு வழி சொன்னேன். "அம்மா, இவன் மறுபடியும் லாக் பார்க்கிறேன் என்றால், 'எதைத் தேடுகிறாய், மகனே?' என்று கேளுங்கள். உடனே விடை சொன்னால் விரைவில் முடித்துவிடுவான். விடை சொல்லத் தயங்கினால், ஒரு டம்ளர் பால் கொடுத்துப் படுக்க அனுப்புங்கள். காலையில் கேள்வி தெளிவாகும்."

மகனும் சிரித்தான். ஆயினும் அக்கேள்வியை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டதைக் கண்டேன்.