ஒரு வரி வெற்றிடம்

சென்ற மாதம் ஒரு வாசகர் எனக்கு எழுதியிருந்தார். "உங்கள் கதையில் தாயார் செத்துப்போகிறாள். அடுத்த வாக்கியத்திலேயே மகனுக்குச் சாதம் போடுகிறாளே, இது என்ன புது உத்தி?"

பதறிப்போய்ப் புஸ்தகத்தைப் புரட்டினேன். சரியாகத்தான் இருக்கிறது. அவள் சாவுக்கும் மகனுடைய பால்ய நினைவுக்கும் நடுவே ஒரு வரி வெற்றிடம். அவர் படித்ததோ இணையப் பக்கத்தில். அங்கே ஏற்றியவர்கள் அந்த வரியை விழுங்கிவிட்டிருந்தார்கள்.

கேட்டால், "ஸார், ஒரு எழுத்துக்கூட விடவில்லையே!" என்கிறார்கள். எழுத்தை விடவில்லை ஐயா, எழுத்தில்லாத இடத்தை விட்டுவிட்டீர்கள். அதை நான் எழுதவில்லை என்று யார் சொன்னது? அந்த இடத்துக்கு வந்து சேரத்தான் எனக்கு நாளாயிற்று.

பழியை யந்திரத்தின் மேல் போடுகிறார்கள். அச்சுக்குத் தயாரான பி.டி.எஃப். கோப்பில், தனியே குறித்துவைத்தாலொழிய, பத்தி என்று ஒன்று கிடையாது. இன்ன எழுத்தை இன்ன இடத்தில் வை என்ற கட்டளைதான் உண்டு. இணையப் பக்கத்தின் பாஷையான எச்.டி.எம்.எல்.லோ நேர் எதிர். நீங்கள் பத்து இடைவெளி விட்டாலும், நாலு வரி காலியாக விட்டாலும், விசேஷமாகச் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடும். நடுவில் நின்று 'இது பத்தி, இது செய்யுள், இது அடிக்குறிப்பு' என்று சொல்ல ஒரு மனிதன் வேண்டும். அவனுக்குக் கூலி கொடுக்க மனமில்லை. அதற்குத் தொழில்நுட்பச் சிக்கல் என்று பெயர்!

தமிழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வரி முடிகிற இடத்தில் சொல்லை ஒடித்து, இணைகோடு கூடப் போடாமல் அடுத்த வரியில் தொடர்வது நம் அச்சு வழக்கம். வரிகளை அப்படியே ஒட்டவைத்தால் 'பொறுமை' என்பது 'பொறு மை' ஆகிறது. நானும் பொறுத்துத்தான் பார்க்கிறேன்.

"அப்படியானால் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டுவிடலாமே" என்பார் ஒரு கட்சியார். படத்துக்குள் ஒரு சொல்லைத் தேட முடியுமா? பார்வையற்றவருக்கு அதை வாசித்துக் காட்டும் கருவி என்ன செய்யும்? அச்சுப் பக்கத்தின் அகலமும் எழுத்தின் அளவும் எனக்கு வேண்டாம். திரைக்குத் தக்கபடி அவை மாறட்டும். ஆனால் குறளின் முதலடியில் நாலு சீர், இரண்டாமடியில் மூன்று என்பது அச்சுக்காரர் கொடுத்த அலங்காரமல்ல. கைபேசித் திரையில் இடம் போதாமல் முதலடி மடங்கினால், மடங்கிய சீரைச் சற்று உள்ளே தள்ளி வையுங்கள். புது அடியல்ல என்று குழந்தைக்கும் தெரியும். இதைச் செய்ய இரண்டு வரிக் கட்டளை போதும். செய்யவேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் செய்யுள் படித்திருக்கவேண்டும்.

என் கதையைப் பற்றிக் கடிதம் போட்டேன். மன்னிப்புக் கேட்டு, வெற்றிடத்துக்குப் பதில் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். நட்சத்திரங்கள் இருக்கின்றன. தாயாரின் கடைசி மூச்சுக்கும் சாதத்துக்கும் நடுவில், அதே பத்தியில், அதே வரியில்.