ஏழு வயசு முடிஞ்சா பையன் அப்பாவுக்கா? கோர்ட் பார்ப்பது என்ன?

"பையனுக்கு ஏழு வயசு ஆயிடுச்சு, அத்தாகிட்ட ஒப்படைச்சிரும்மா." தலாக் ஆன பெண்களிடம் ஜமாஅத் பஞ்சாயத்தில் இப்படிச் சொல்வது உண்டு. அதுதான் கடைசித் தீர்ப்பு என்று நம்பி, பிள்ளையை அனுப்பிவிட்டு அழுகிற தாய்மார்களும் உண்டு. ஆனால் கோர்ட்டில் கதையே வேறு!

பிள்ளையை வளர்க்கும் உரிமைக்கு ஷரீஅத்தில் 'ஹிளானத்' என்று பெயர். ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை 7 வயது வரை, பெண் பிள்ளை வயதுக்கு வரும் வரை தாயிடம் இருக்கலாம். ஷாஃபி மத்ஹபில் விவரம் தெரிந்ததும் பிள்ளையே தாயா, தகப்பனா என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் இரண்டு மத்ஹபுக்காரர்களும் இருக்கிறார்கள். தாய் அந்நிய ஆணை மறுமணம் செய்தால் இந்த உரிமை போய்விடும் என்பதும் பொதுவான விதி.

ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் 1890-ம் ஆண்டு கார்டியன் சட்டம் குறுக்கே நிற்கும். ஷரீஅத்தையும் பார்ப்பார்கள், ஆனால் பிள்ளையின் நலன்தான் முக்கியம். வயது, படிப்பு, யாரிடம் ஒட்டுதல் என்று எல்லாம் பார்ப்பார்கள். விவரமான பிள்ளை என்றால் "உனக்கு யார்கூட இருக்கப் பிடிக்கும்?" என்றும் ஜட்ஜ் கேட்கலாம்.

தாய் இறந்து தகப்பன் மறுமணம் செய்துகொண்ட ஒரு வழக்கு 2010-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு முடியும் வரை பிள்ளைகள் தாய்வழி உறவினர்களிடமே இருக்கட்டும் என்றது கோர்ட். தகப்பன்தான் கார்டியன் என்றாலும், பிள்ளை அவரிடம்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"புள்ளய குடு, இல்லேன்னா காசு கிடையாது" என்கிற மிரட்டலும் செல்லாது. பிள்ளை தாயிடம் வளர்ந்தாலும் வசதியுள்ள தகப்பன் ஜீவனாம்சம் தரவேண்டும். பையனுக்கு மேஜர் ஆகும் வரை, பெண்ணுக்குக் கல்யாணம் வரை என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ல் வந்த முத்தலாக் தடைச் சட்டமும், உடனடித் தலாக் சொல்லப்பட்ட பெண் மைனர் பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள மாஜிஸ்திரேட்டிடம் கேட்க வழி செய்திருக்கிறது.

அதற்காகத் தாய்க்கே எப்போதும் ஜெயம் என்றும் இல்லை. தகப்பனிடம்தான் பிள்ளை நன்றாக இருக்கும் என்றால் தீர்ப்பு அந்தப் பக்கம் போகும்.

ஆகவே ஜமாஅத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடும் முன், பிள்ளை வசிக்கும் ஊருக்கான குடும்ப நல கோர்ட்டில் விசாரிப்பது நல்லது. பெரியவங்க சண்டை தலாக்கோடு முடிஞ்சிரும். புள்ளைக்கு அத்தாவும் வேணும், அம்மாவும் வேணும்!