ஒரு சொல்லுக்குள் ஓர் ஆராய்ச்சி

மார்கழி மழையில் மலைநாடு முடங்கிக் கிடக்கும் என்பர். பறவைகள் அவ்வாறு கருதுவதில்லை. இமயத்து அடிவாரக் காடுகளில் கோடையைக் கழித்த ஆறுமணிக்குருவி, கடல் கடந்து வந்து, புசல்லாவைச் சாரலின் ஈரச் சருகுகளைக் கிளறி இரை தேடுவது இக்காலத்தேதான். காசுமீரத்து ஈபிடிப்பான் இன்னும் மேலேறி, நுவரெலியா விக்டோரியாப் பூங்காவில் குளிர்காலத்தைக் கழிக்கின்றது. அருகிவரும் அச்சிறு புள்ளைக் காண மேனாட்டார் மழையிலும் காத்து நிற்கின்றனர்.

நம் மாணவரோ அதன் பெயரும் அறியார். குறை அவர்களுடையதன்று. கொழும்பு நூதனசாலையில் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி, இலங்கைப் பறவைகளைப் பற்றிய தம் நூலை 1955இல் ஆங்கிலத்தில் தந்தார். தோட்டங்களிற் கொழுந்தெடுத்த நம் மக்களும் பறவைகளை அறிந்திருந்தனர்; அவ்வறிவை ஏட்டில் எழுதுவார்தாம் அரியர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குப் பெயர்ந்தபோது, அவர்கள் நாவில் வழங்கிய சொற்களும் உடன் பெயர்ந்தன.

பெயர் போனால் என்ன என்று வினவலாம். விடியலிலும் அந்தியிலும், ஆறு மணியளவில், அக்குருவி குரல் கொடுப்பதை நாள்தோறும் உற்றுக் கேட்டவர்களே அதற்கு ஆறுமணிக்குருவி எனப் பெயரிட்டிருத்தல் வேண்டும். அச்சொல்லை இழப்பவன் அந்தக் கவனத்தையும் இழக்கிறான்.

ஆகவே, மலையக ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: மழை ஓய்ந்த பொழுதுகளில் மாணவரை வெளியே அழைத்துச் செல்லுங்கள். கண்ட பறவையின் நிறத்தையும் குரலையும் எழுதச் செய்யுங்கள். பின்னர், லயத்து முதியவரிடம் அதன் பெயரைக் கேட்டுவரச் சொல்லுங்கள். இலக்கிய வட்டங்கள் அவற்றைத் தொகுத்து அச்சிடட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். குருவி அடுத்த ஆண்டும் வரக்கூடும். பெயர் சொல்லும் பாட்டி அதுவரை இருப்பாரோ, யாரறிவார்?