மாயா விரிகுடாவின் பத்தியம்!

கூட்டத்தால் நோயுற்ற தீவு, ஓய்வால் பிழைத்த கதை

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்கிறார்கள். ஒரு பாய்மரப் படகை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். சாப்பாடு, குடிதண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொள்கிறார்கள். படகு தீவு தீவாகப் போகிறது. பிடித்த இடத்தில் நங்கூரம் போட்டு, இறங்கிச் சுற்றிப் பார்க்கிறார்கள்.

தாய்லாந்து நாட்டின் புக்கெட் தீவில் இப்படிப்பட்ட உல்லாசப் பயணம் மிகவும் பிரசித்தம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே வடகிழக்குக் காற்று வீசும். அந்தமான் கடல் அமைதியாக இருக்கும். பல நாட்டுப் பயணிகளும் வந்து குவிவார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் பார்க்கத் துடிக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் மாயா விரிகுடா!

சினிமா செய்த வேலை

புக்கெட்டுக்குக் கிழக்கே "பிபி லே" என்ற சிறு தீவு இருக்கிறது. அங்கே மனிதர்கள் குடியிருக்கவில்லை. சுற்றிலும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள். நடுவே வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர். இதுதான் மாயா விரிகுடா. அந்த மணல் கரையின் நீளம் சுமார் 250 மீட்டர்தான்.

2000-ம் ஆண்டில் "தி பீச்" என்ற ஆங்கிலப் படம் வெளிவந்தது. அதன் கதாநாயகன் லியனார்டோ டிகாப்ரியோ. யாருக்கும் தெரியாத ஒரு கடற்கரையைத் தேடிப் போகிறவர்களின் கதை அது. அதைப் படம் பிடித்த இடம் மாயா விரிகுடா.

என்ன விந்தை! "யாருக்கும் தெரியாத கடற்கரை" என்று காட்டிய படமே, அதை உலகம் முழுவதற்கும் தெரிய வைத்துவிட்டது! ஒரே நாளில் 5 ஆயிரம் பேர் வரை அங்கே வந்து இறங்கினார்கள்.

பவளம் செத்தது

அங்கே கடலுக்கு அடியில் பவளப் பாறைகள் உண்டு. பெயர்தான் பாறை, அதற்கு உயிர் இருக்கிறது! மிகச் சிறிய கடல் பிராணிகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து கட்டும் வீடு அது. சில வகைப் பவளம் ஓர் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும்.

அதன் மேல் நங்கூரம் விழுந்தால் என்ன ஆகும்? பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் நொறுங்கிவிடும். விசைப்படகின் சுழலி மணலைக் கிளப்பிவிடும். அந்த மணல் பவளத்தை மூடும். குளிக்கிறவர்கள் வெயிலுக்காக உடம்பில் பூசும் களிம்பும் தண்ணீரில் கரையும். அதில் உள்ள சில ரசாயனங்கள் பவளத்துக்கு விஷம்.

ஒருவர் செய்தால் இது சிறு தவறு. ஆயிரக்கணக்கானோர் தினந்தோறும் செய்தால்? மாயா விரிகுடாவின் பவளத்தில் பெரும் பகுதி அழிந்தது.

கதவு அடைப்பு

2018 ஜூன் மாதம் தாய்லாந்து சர்க்கார் விரிகுடாவை மூடியது. முதலில் 4 மாதம் என்றார்கள். அது போதவில்லை. மூன்றரை ஆண்டுகள் அது மூடியே கிடந்தது. 2020-ல் கொரோனா வந்தது. விமானங்கள் நின்றன. அக்கம்பக்கத் தீவுகளிலும் கூட்டம் குறைந்தது.

இதற்குள் ஆயிரக்கணக்கான பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டார்கள். துடுப்பின் நுனி கறுத்த ஒரு வகைச் சுறா மீன்கள் கரையோரம் திரும்பி வந்தன.

ஆனால் பயணிகளை நம்பிப் பிழைக்கும் படகுக்காரர்களும் வழிகாட்டிகளும் என்ன செய்வார்கள்? கடலுக்கு ஓய்வு கொடுத்தால், அவர்கள் வீட்டு அடுப்புக்கும் ஓய்வு வந்துவிடுமே! மேலும், ஓர் இடத்தை மட்டும் மூடினால் கூட்டம் அடுத்த இடத்துக்குப் போகும். நோயும் அங்கே போகும். ஆகவே, என்றைக்கும் மூடி வைப்பது பரிகாரம் ஆகாது.

மருந்துக்குப் பின் பத்தியம்

2022 ஜனவரி 1-ந் தேதி கதவு திறந்தது. ஆனால் பழையபடி அல்ல. இப்போது விரிகுடாவுக்குள் படகு நுழையக் கூடாது. தீவின் பின்பக்கம் மிதக்கும் படகுத்துறை கட்டியிருக்கிறார்கள். அங்கே இறங்கி, பலகைப் பாதையில் நடந்து வர வேண்டும். ஒரே நேரத்தில் சில நூறு பேருக்குத்தான் அனுமதி. கடலில் நீந்தக் கூடாது.

2021-லேயே இன்னொரு சட்டமும் வந்தது. பவளத்தைக் கெடுக்கும் 4 ரசாயனங்கள் கலந்த களிம்புகளுக்குக் கடல் பூங்காக்களில் தடை. மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம்! பாட் என்பது தாய்லாந்து நாணயம்.

கூட்டம் திரும்பியதும் சுறாக்கள் மீண்டும் குறைந்தன. எனவே 2022 ஆகஸ்டு, செப்டம்பரில் விரிகுடாவை மறுபடி மூடினார்கள். பின்னர் அது ஆண்டு வழக்கமாகிவிட்டது. அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கும், பயணிகளும் குறைவு. அதனால் படகுக்காரர்களுக்கு நஷ்டமும் குறைவு.

நம் விவசாயிக்கு இது தெரிந்த சங்கதிதான். விளையும் நிலத்தைக்கூடச் சிறிது காலம் தரிசாகப் போடுகிறான். நிலத்தின் மேல் கோபமா? இல்லை, அடுத்த போகம் விளைய வேண்டுமே என்ற கவலை!

மூடியது மருந்து. அளவு வைத்தது பத்தியம். மருந்தைவிடப் பத்தியம் இருப்பதுதான் கடினம். "இன்னும் பத்துப் படகு வந்தால் என்ன?" என்ற ஆசை ஒவ்வொரு பருவத்திலும் எழும். அதற்கு இடம் கொடுத்தால் பவளம் சாகும். பவளம் செத்தால் மீன் போகும். மீன் போனால் பயணி போவார். கடைசியில் பட்டினி கிடப்பவர் படகுக்காரரே!