செத்த மாட்டில் லாபம்

அடைமழையில் தெருவில் பாவு நீட்ட வழியின்றியும், ஈரம் ஊறிய குழித்தறியில் காலை இறக்க மனமின்றியும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் திருவண்ணாமலை மாவட்டத் தேவிகாபுரத்து நெசவாளிகளின் பேச்சில், பக்கத்துக் கிராமத்துக் குடியானவனைப் பற்றிய ஓர் அபிப்பிராயம் தவறாமல் தலைகாட்டும்: "மாடு செத்தாலும் அவனுக்கு கவர்மெண்டு பணம் குடுக்குது, நமக்கு யாரு இருக்கா?" பட்டணத்துப் படித்தவர்களும் இதையே சற்று நாகரிகமான பாஷையில், நிவாரணம் உழைப்பைக் கெடுக்கும் இனாம் என்று சொல்லிவருகிறார்கள். வயிறு எரிந்து பேசுகிறவனை மன்னிக்கலாம். வயிறு நிறைந்து பேசுகிறவர்களுக்குத்தான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல்மழை திருவண்ணாமலை மாவட்டத்தை அலைக்கழித்தபோது மாநில அரசு அறிவித்த தொகை, செத்த பசுவுக்கோ எருமைக்கோ 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. இதைக் கேட்டு மலைப்பவர்கள் மாட்டுச் சந்தைக்குப் போய், நல்ல கறவையிலுள்ள கலப்பினப் பசு ஒன்றுக்குத் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசிப் பார்க்கட்டும்; தரகர் பிடிக்கும் விரலிலேயே பிரமை தெளிந்துவிடும். பசு போனதும் சொஸைட்டியில் ஊற்றிய பாலும் நின்றுபோகிறது. அந்த நஷ்டத்துக்கு நிவாரண விதியில் காசில்லை. மாடு வாங்கிய கடனோ மாட்டோடு சாவதில்லை.

வரம்பு வேறு இருக்கிறது. எத்தனை இறந்தாலும் ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடு 3, ஆடு 30 என்பதே கணக்கு. ஐம்பது ஆட்டை இழந்த கிடைக்காரர் இருபதை மறந்துவிடவேண்டும். அந்த முப்பதுக்கும் சாட்சியம் வேண்டும்: வெள்ளம் வடிந்து, உப்பி நாறத்தொடங்கிய உடலைப் புதைக்காமல் கால்நடை மருத்துவர் வரும்வரை காத்திருந்து, புகைப்படம், பிரேதப் பரிசோதனைச் சான்று, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை எல்லாம் சேர்ந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். ஓடையோடு அடித்துக்கொண்டு போன ஆட்டுக்கு உடல் எங்கே, சான்று எங்கே? இல்லாத மாட்டைச் செத்ததாக எழுதுகிற கில்லாடிகளும் இருக்கலாம். ஆனால் செத்த ஆட்டைச் செத்ததென்று நிரூபிக்கமுடியாமல் கைபிசைந்து நிற்பவர்களைப் பற்றி யாரும் கதை கட்டுவதில்லை.

நெசவாளிக்கு ஒருவருமில்லை என்பதும் சரியன்று. கால்நடைக்குத் தொகை வகுத்த அதே மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிமுறை, கைத்தறியாளருக்குச் சேதமான கருவிக்கு 5,000 ரூபாயும், கெட்டுப்போன நூலுக்கும் சரக்குக்கும் 5,000 ரூபாயும் விதித்திருக்கிறது. பட்டும் ஜரிகையும் விற்கும் விலையில் அது எந்த மூலைக்கு? ஆகவே நெசவாளியும் குடியானவனும் ஒரே கஞ்சத்தனத்தின் கீழ் நிற்பவர்கள். ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வதில் கஞ்சனுக்குத்தான் சௌகரியம்.

இனாம் மனிதனைக் கெடுக்கும் என்ற சித்தாந்தம் புதிதுமன்று. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்த கூலியாளின் தினசரி தானியத்தை ஒரு பவுண்டாகக் குறைத்த பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் பேசியதும் சிக்கனத்தின் பெயரால்தான். 1884-இல் வந்த விவசாயிகள் கடன் சட்டம் மாட்டுக்கும் விதைக்கும் பணம் தர வழிசெய்தது. ஆனால் வட்டியோடு திருப்பவேண்டிய தக்காவிக் கடனாக. அமெரிக்காவிலோ இன்று, இயற்கைச் சீற்றத்தில் மடிந்த கால்நடைக்குச் சராசரிச் சந்தை மதிப்பில் 75 சதவிகிதம் தருகிறார்கள். அதனால் அந்நாட்டுப் பண்ணைக்காரர் சோம்பிப் பாழானார்கள் என்று நாம் கேள்விப்பட்டதில்லை.

நம் விதிமுறையின் விகிதங்கள் 2022 முதல் 2026 வரைக்கென வகுக்கப்பட்டவை. அடுத்து வகுப்பவர்கள் விலையை அந்தந்த வருஷத்துச் சந்தையோடு கட்டட்டும். மூன்று, முப்பது என்ற வரம்பை எடுக்கட்டும். வெள்ளம் கொண்டுபோன ஆட்டுக்குக் கிராமசபையின் சாட்சியம் போதும் என்று எழுதட்டும். இவ்வளவும் செய்த பிறகு யாராவது லாபக் கணக்கோடு வந்தால், அப்போது உட்கார்ந்து பேசலாம்.