காட்டு வீடுகளின் கதவைத் தட்டுங்கள், இப்போதே!

கட்டடக் கலைஞர் மார்செல் பிராயர் வடிவமைத்த கெல்லர் வீடு இன்று இல்லை. நியூயார்க்கின் லாங் ஐலண்டில், லாரன்ஸ் என்ற ஊரில், 1945-ல் உருவான வீடு அது. பகல் புழக்கத்துக்கு ஒரு பகுதி, உறங்க இன்னொரு பகுதி, நடுவே இரண்டையும் சேர்க்கும் நுழைவு என்று குடும்ப வீட்டுக்கே ஒரு புதுத் திட்டம் தந்தது. காப்பாற்றுங்கள் என்ற குரல்கள் எழுந்துகொண்டிருக்கும்போதே, 2022 ஜனவரியில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். தடுக்க அதற்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. கோரிக்கை மனுக்களால் புல்டோசரை முந்த முடியவில்லை.

இனி ஒரு வீட்டையும் அப்படி இழக்க முடியாது.

அதே பிராயர் தனக்கென்று கட்டிக்கொண்ட கோடை வீடு, மாசசூசெட்ஸின் கேப் காட்டில், வெல்ஃப்ளீட் காட்டுக்குள் நிற்கிறது. கட்டிய ஆண்டு 1949. பனியாறுகள் விட்டுப்போன குளங்களின் பக்கம், பைன் மரங்களுக்கு நடுவே, மெல்லிய கால்களின் மேல் தூக்கி நிறுத்திய நீளமான மரப்பெட்டி. கொசுவலை அடித்த திண்ணை ஒன்று அதிலிருந்து காட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். பாரிஸில் யுனெஸ்கோ தலைமையகம், நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகம் என்று பெருங்கட்டடங்களில் கை வைத்த மனிதர், தன் குடும்பத்துக்கு மரச்சட்டமும் பலகையும் போதும் என்றார். சரிவை வெட்டிச் சமன்செய்யவில்லை. நிலம் கிடந்தபடி கிடக்க, வீடு அதன் மேல் நின்றது. காட்டுக்குள் வாழ வரும் மனிதன் எவ்வளவு அடக்கமாக வர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

அந்த அடக்கமே அதற்கு ஆபத்தும்கூட. மெல்லிய சுவர், ஒற்றைக் கண்ணாடி, தட்டையான கூரை. ஒரு பருவம் யாரும் ஏறிப் பார்க்காவிட்டால் பைன் ஊசிகள் வடிகாலை அடைக்கும், தண்ணீர் தேங்கும், ஒட்டுப்பலகை உப்பும். பிறகு வாங்க வருகிறவர் கண்ணுக்கு நிலம் மட்டும்தான் தெரியும்.

ஆனால் அந்த வீடு பிழைத்துவிட்டது, தோழர்களே! 2024-ல் கேப் காட் மாடர்ன் ஹவுஸ் டிரஸ்ட் சுமார் 20 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. எங்கிருந்து தொடங்கியவர்கள் தெரியுமா? 1961-ல் அங்கே தேசியக் கடற்கரைப் பூங்கா அமைந்தது. 1959 செப்டம்பருக்குப் பின் கட்டிய வீடுகள் காலப்போக்கில் அரசின் கைக்குப் போகும் என்று ஆனது. குடியிருந்தவர்களுக்குத் தந்த காலம் முடிந்ததும் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன, இடிப்புக்குக் காத்திருந்தன. காட்டைக் காத்த ஏற்பாட்டில் காட்டு வீடுகளுக்கு இடமில்லாமல் போனது. 2007-ல் தொடங்கிய இந்த டிரஸ்ட், 1962-ன் ஹாட்ச் வீட்டையும் 1970-ன் குகல்–கிப்ஸ் வீட்டையும் பூங்காவிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, தன்னார்வலர்களின் உழைப்போடு புதுப்பித்தது. இப்போது அவற்றை வாடகைக்கு விட்டு, வருகிற பணத்தைப் பராமரிப்புக்கே செலவிடுகிறது. முடியும் என்று காட்டிவிட்டார்கள்.

தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் பெயர் ஏறினால் போதும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சொந்தப் பணத்தில் சொந்த வீட்டை இடிக்கும் உரிமையாளரை அந்தப் பதிவேடு தடுக்காது. பல் உள்ளது உள்ளூர் விதிகளுக்குத்தான். அதைவிட வலுவானது, உரிமையாளரே மனமுவந்து பத்திரத்தில் எழுதிக் கொடுக்கும் பாதுகாப்பு நிபந்தனை. அடுத்து யார் வாங்கினாலும் அது கட்டுப்படுத்தும். ஆனால் அதில் கையெழுத்துப் போட உரிமையாளர் உயிரோடு இருக்க வேண்டும், வீடு அவர் கையில் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட காட்டு வீடுகளைத் தேடி வாங்கி நேசித்தவர்களில் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் கண்மூடுவதற்கும் வாரிசுகள் விற்பதற்கும் இடைப்பட்ட சில மாதங்களில்தான் எல்லாம் கைநழுவுகிறது.

ஆகவே முன்னதாகப் போங்கள். மாசசூசெட்ஸில் லெக்சிங்டனின் சிக்ஸ் மூன் ஹில்லில், கனெக்டிகட்டின் நியூ கேனனில், உங்கள் ஊர் மரங்களுக்குள் மறைந்திருக்கும் ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டுங்கள். சண்டைக்காரர்களாகப் போகாதீர்கள்; அந்த வீட்டை அவர்களைப் போலவே நேசிப்பவர்களாகப் போங்கள். வரைபடம் இல்லையென்றால் அளந்து வரைந்து கொடுங்கள். கூரை ஏறத் தெரிந்தவர்கள் ஏணியோடு வாருங்கள். சட்டம் படித்தவர்கள் பத்திர வரைவோடு வாருங்கள். பணம் உள்ளவர்கள் இன்றே கொடுங்கள், விற்பனைப் பலகை நட்ட பிறகு அல்ல. இந்தக் குளிர்காலப் பனி கூரைகளில் ஏறுவதற்குள் காக்க வேண்டிய வீடுகளின் முதல் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும்.