புகையை மறைத்து விற்கும் வாகனங்கள்

வாகனம் வைத்திருக்கிற, வாங்க யோசிக்கிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் கணவனும் மனைவியும் ஆசிரியர்கள். 2021 இல் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினோம். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனத்துக்கெல்லாம் தங்கத்தின் விலை. கடன் எடுத்து, உம்மாவின் காப்பையும் அடகு வைத்துத்தான் வாங்கினோம். பெயின்ட் பளபளத்தது, சீற் கவர் புதிது. "ஒயில் சொட்டும் குறையாது" என்றார் விற்றவர். நம்பினோம். ஒயில் ஊற்றும் மூடியைக்கூட நாங்கள் திறந்து பார்க்கவில்லை.

முதல் தடவை ஒயில் மாற்றி ஒரு மாதத்தில் நீலப்புகை வரத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம், ஏற்றத்தில் அழுத்தினால் நிறைய.

அதற்குப் பிறகு நடந்ததற்கு விற்றவரைக் குறை சொல்ல முடியாது. 2022 இல் பெற்றோல் வரிசை. நாலு அடி நகர்த்த ஒரு ஸ்டார்ட். பிறகு கியூஆர் வந்தது, காருக்கு வாரம் 20 லீற்றர். வீட்டிலிருந்து பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர், அவ்வளவுதான் ஓட்டம். ஒயில் விலை ஏறியதைப் பார்த்து, மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாமல் குறைந்த அளவை மட்டும் ஊற்றிக்கொண்டு போனோம். இப்படிச் செய்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல, எங்கள் பாடசாலை வாகனத் தரிப்பிடத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறோம்.

குறுகிய ஓட்டம் என்ஜினுக்கு நல்லது என்று நினைத்திருந்தோம். உண்மை அதற்கு நேர்மாறு. என்ஜின் நன்றாகச் சூடாகாவிட்டால் உள்ளே படிகிற நீராவியும் எரியாத பெற்றோலும் ஒயிலுக்குள்ளேயே தங்கிவிடும். அந்த ஒயில் மாற்றாமல் கிடந்து, வடை சுட்ட எண்ணெய் மாதிரிக் கறுத்துத் தடித்துக் கடைசியில் மண்டியாகிவிடும். அந்த மண்டி இரண்டு இடங்களில் வேலையைக் காட்டும். ஒன்று, சம்பிலிருந்து ஒயிலை உறிஞ்சுகிற வலை. அது அடைபட்டால் மேலே ஒயில் ஏறாது. மற்றது பிஸ்டனில் ஒயிலை வழித்துவிடுகிற ரிங். அதன் துவாரங்களில் கரி இறுகினால் ஒயில் எரியறைக்குள் போய்ப் புகையாகும்.

போன வருடம் ஒரு சந்தியில் நிற்கும்போது ஒயில் விளக்கு மினுங்கியது. அன்றே கராஜுக்குக் கொண்டு போனோம். நானா டெப்பட் கவரைக் கழற்றி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே கருப்பு அல்வா. "சேர், வாங்கக்குள்ள இந்த மூடியத் திறந்து பாத்தீங்களா?" என்று கேட்டார். எங்களிடம் பதிலில்லை.

அப்போது நாலு பேர் நாலு யோசனை சொன்னார்கள். அதிகம் பேர் சொன்னது ஃபிளஷ். ஒரு டின் ஊற்றிக் கால் மணித்தியாலம் ஓடவிட்டு வடித்தால் சுத்தம் என்றார்கள். இதை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கூடப் படிப்பிக்கும் ஒருவரின் வாகனத்துக்கு அப்படித்தான் செய்தார்கள். பாதி மண்டி கரைந்தது, மீதி கட்டியாகக் கழன்று போய் வலையை அடைத்தது. ஒரே கிழமையில் பெயாரிங் போய் என்ஜின் இறுகிவிட்டது. இலேசாகக் கறுத்த என்ஜினுக்கு ஃபிளஷ் சரிவரலாம். வருடக்கணக்காகப் படிந்ததை ஒரு மணித்தியாலத்தில் எடுக்கப் பார்ப்பது ஆபத்து.

இரண்டாவது யோசனை ஒரு தரகருடையது. இந்தப் பதிவை எழுத வைத்ததும் அதுதான். "தடிப்பான ஒயில் ஊற்றி, மேலே ஒரு டின் மருந்தும் போடுங்க. ஒரு மாதத்துக்குப் புகை வராது. அதுக்குள்ள தள்ளிவிடலாம்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு ஏன் முதல் ஒயில் மாற்றத்துக்குப் பிறகு புகை வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. ஈரத் தானியத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே போட்டு விற்ற வியாபாரியின் கதையை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறோம். பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். வாகனச் சந்தையில் அதையே செய்தால் மட்டும் அதற்குப் பெயர் கெட்டித்தனம்.

மண்டி பிடித்தால் எல்லாம் சொந்தக்காரரின் கவனயீனம் என்று சொல்லவும் முடியாது. 1997 முதல் 2002 வரையான மாடல்களைச் சேர்ந்த சுமார் 33 இலட்சம் வாகனங்களின் என்ஜின்களில் ஒயில் களியாகிறது என்ற முறைப்பாடுகளுக்காக, டொயோட்டா 2002 இல் அமெரிக்காவில் தனியான திருத்தத் திட்டமே அறிவித்தது. ஆகவே குறை இருப்பது வெட்கமில்லை. மறைத்து விற்பதுதான் வெட்கம்.

நானா செய்த வைத்தியம் மெதுவானது. முதலில் ஒவ்வொரு பிளக் துவாரத்திலும் அழுத்தம் அளந்தார். பிறகு கொஞ்சம் ஒயில் விட்டுத் திரும்ப அளந்தார். இரண்டாம் முறை அளவு ஏறியதால் பிரச்சினை ரிங்கில் என்று பிடித்தார். சம்பைக் கழற்றினால் வலையில் பாதிக்கு மேல் அடைப்பு. எல்லாவற்றையும் வெளியில் எடுத்துக் கையால் கழுவினார். என்ஜின் காற்றை வெளியே விடுகிற பிசிவி வால்வும் இறுகியிருந்தது. மற்றச் செலவோடு பார்த்தால் அது மலிவான சாமான், ஆனால் அது அடைபட்டால் மண்டியும் கூடும், ஒயிலும் குறையும். இரவு முழுக்கப் பிஸ்டன் மேலே கரி இளக்கும் திரவம் ஊறவிட்டு, காலையில் பிளக் போடுவதற்கு முன் என்ஜினைச் சுற்றி மீதித் திரவத்தை வெளியேற்றினார். இதைத் தெரியாதவர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். உள்ளே திரவம் தேங்கியிருக்க ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ரொட்டே வளைந்துவிடும். பிறகு சாதாரண ஒயில்தான், 1000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை பில்டரோடு மாற்ற வேண்டும் என்று மூன்று தடவை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் வெள்ளையாகப் பால்மாதிரி இருந்தால் குறுகிய ஓட்டத்தின் ஈரமாக இருக்கலாம். ஆனால் ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறதென்றால் அது ஹெட் கேஸ்கட், வேறு கதை. விடியற்காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய், நீங்கள் பார்க்க ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். புகைச் சான்றிதழைக் காட்டுகிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள். வருடத்தில் ஒரு நாள் எடுத்த பரிசோதனை அது.

எங்கள் கார் முன்பு 1000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடித்தது. இப்போது அரை லீற்றருக்குக் குறைவு. புகை முற்றாக நிற்கவில்லை, ரிங் மாற்றாமல் நிற்காது என்றும் நானா சொல்லிவிட்டார். தரகர் நேற்றும் கோல் எடுத்தார். புகை இருக்கிறது என்று சொல்லியே விற்பதென்றால் என்ன விலை போகும் என்று கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் எடுக்கவில்லை.